மேகமும் விண்கதிரும்



கோலார் தங்கவயலுக்கு அண்மையில் பூதிகோட்டை என்றொரு சிற்றூர் இருக்கிறது. மைசூரை ஆண்ட ஹைதர் அலி பிறந்த ஊர் என்பதனால் சரித்திர நூல்களில் அதன் பெயர் காணப்படும். பூதி என்பது திருநீற்றுக்குப் பெயர். ஆகையால் சாம்பற்கோட்டை என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். நான் பிறந்தது அவ்வூரில். எங்கள் மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு ஒன்றும் இல்லை. முன்னோர் வெட்டிவைத்த ஏரிகளே உயிர்நாடி. ஏரிகளுக்கோ மழையே கதி. மழை பெய்தால் கேழ்வரகு விளையும், பட்டுப்பூச்சிக்கு முசுக்கட்டை இலை கிடைக்கும். பொய்த்தால் பெங்களூருக்கு ரயில் ஏற வேண்டியதுதான். ஆகவே மேகத்தைப் பற்றி யார் பேசினாலும் எங்கள் ஊரார் கவனித்துக் கேட்பார்கள்.

2011-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், மேகத்தைப் பற்றி மிகப் பெரிய விஞ்ஞானி ஒருவர் பேசினார். அவர் பெயர் உடுப்பி ராமச்சந்திர ராவ். யு. ஆர். ராவ் என்றால் நேயர்களுக்கு உடனே விளங்கும். உலகம் சூடேறி வருவதற்குக் கரியமிலவாயுவே தலையாய காரணம் என்று உலக விஞ்ஞானிகளில் மிகப் பெரும்பாலோர் கூறிவருகையில், அக்கணக்கில் பெரும்பிழை ஒன்று இருப்பதாக அவர் எழுதினார். காரணத்தில் ஏறத்தாழப் பாதியை வானத்திலிருந்து வரும் கதிர்களின் தலையில் அவர் சுமத்தினார்.

இவ்வாறு எழுதியவர் சாமானியர் அல்லர். 1932-ஆம் ஆண்டு உடுப்பிக்கு அருகில் அதமாறு என்னும் சிற்றூரில் பிறந்தவர். அகமதாபாத்தில் விக்ரம் சாராபாயிடம் மாணவராக இருந்து, விண்கதிர்களை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றவர். பின்னர் அமெரிக்கா சென்று, பயனியர் முதலிய விண்கலங்களில் கருவிகளை வைத்துச் சூரியனிலிருந்து வீசும் துகட்காற்றை அளந்தார். நாடு திரும்பிய பிறகு, 1975 ஏப்ரல் 19-ஆம் நாள் விண்ணேறிய ‘ஆரியபட்டா’ என்னும் நமது முதற் செயற்கைக்கோளைப் பெங்களூர் பீன்யாவில் உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்தார். 1984 முதல் 1994 வரை இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவராகப் பணியாற்றினார். விண்கதிரைப் பற்றி இந்நாட்டில் ஒருவர் பேசலாம் என்றால், அந்த உரிமை முதலில் அவருக்கே உண்டு.

விண்கதிர் என்பது யாது? சூரிய மண்டலத்துக்கு அப்பாலிருந்து, பெரும்பாலும் வெடித்துச் சிதறிய விண்மீன்களிலிருந்து, அளவற்ற வேகத்தோடு வந்து நமது வாயுமண்டலத்தின்மேல் ஓயாது மோதும் நுண்துகள்களின் கூட்டமே அது. காஸ்மிக் கதிர் என்று பள்ளிப் புத்தகங்கள் கூறும். வாயுவின் அணுக்களில் மோதியதும் அவை உடைந்து, வேறு துகள்களாகச் சிதறி, நம் தலைமேலும் வீட்டுக் கூரைமேலும் இரவு பகலாகப் பொழிகின்றன. நாம் உணர்வதில்லை. பாறைக்குள்ளும் அவை நெடுந்தூரம் இறங்கும்.

இதனை அளந்தறிய ஏற்ற இடம் எங்கள் தங்கவயலே என்று ஹோமி பாபா கண்டார். அவருடைய டாடா ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பி. வி. ஸ்ரீகண்டன் 1951-இல் கருவிகளோடு சுரங்கத்துக்குள் இறங்கினார். ஆழம் செல்லச் செல்லக் கதிர் குறைந்துகொண்டே போகும். மிக ஆழத்தில், பாறை எதனாலும் தடுக்கவியலாத நியூட்ரினோ என்னும் துகள் மட்டுமே வந்து சேரும். 1965-ஆம் ஆண்டு சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், தரைமட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், விண்கதிர்கள் வாயுமண்டலத்தில் தோற்றுவித்த நியூட்ரினோவின் தடயம் கண்டறியப்பட்டது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் ஏறத்தாழ அதே சமயத்தில் அது காணப்பட்டது. எனினும் முதலில் அச்சேறிய அறிக்கை கோலாருடையது. அந்தப் பாறையைக் குடைந்து வழிசெய்தவர்களில் பலர் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்புத் தேடிச் சென்ற தமிழர். சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டுவிட்டது. தங்கம் எடுத்தவர்களின் கதை பலருக்குத் தெரியும். விண்கதிர் எடுத்த கதையை எங்கள் ஊர்ப் பிள்ளைகளே அறியார்.

அந்த 1965-ஆம் ஆண்டு ஆராய்ச்சியில் பம்பாய்க்காரர்களோடு ஜப்பானின் ஒசாகாவிலிருந்தும் இங்கிலாந்தின் டர்ஹம் நகரிலிருந்தும் வந்த விஞ்ஞானிகள் பங்கு கொண்டிருந்தனர். டர்ஹம் குழுவைச் சேர்ந்தவர் ஆர்னால்டு உல்ஃபெண்டேல். அப்பெயரை நேயர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இப்போது ராவ் அவர்களின் வாதத்துக்கு வருவோம். மேகம் உண்டாக வெறும் நீராவி போதாது. நீராவி பற்றிக்கொண்டு திவலையாகத் திரள்வதற்குத் தூசியோ உப்போ புகையோ ஏதேனும் ஒரு நுண்பொடி வேண்டும். விண்கதிர் காற்றின் ஊடே பாயும்போது அங்குள்ள அணுக்களை மின்னேற்றம் செய்கிறது. அவ்வாறு மின்னேறியவை ஒன்றுகூடி நுண்பொடிகள் பிறக்கத் துணைபுரியக்கூடும். ஆகவே விண்கதிர் மிகுந்தால் தாழ்ந்த மேகம் மிகும். தாழ்ந்த மேகம் மிகுந்தால் சூரிய ஒளி திருப்பியனுப்பப்பட்டுப் பூமி குளிரும். டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்ரிக் ஸ்வென்ஸ்மார்க் என்பவர் 1997-இல் தம் சகாவுடன் சேர்ந்து எழுதியது இந்தக் கருத்தையே. சூரியன் கிளர்ச்சியுற்றிருக்கும் காலத்தில் அதன் காந்தப்புலம் விரிந்து விண்கதிர்களைத் தள்ளிவிடும். அப்போது கதிர் குறையும், மேகம் குறையும், பூமி சூடேறும்.

இதை ராவ் அவர்கள் எண்களில் இறக்கினார். துருவப் பனிப்பாறைகளின் அடியில் பெரிலியம்-10 என்னும் பொருள் மிகச் சிறிய அளவில் புதைந்து கிடக்கிறது. விண்கதிர் காற்றில் மோதும்போது பிறந்து பனியோடு விழுந்தது அது. எந்த ஆண்டுப் பனியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால் அந்த ஆண்டின் கதிர்வரவை மதிப்பிடலாம். அம்மதிப்பீட்டின்படி, கடந்த 150 ஆண்டுகளில் விண்கதிர் நூற்றுக்கு 9 பங்கு குறைந்துவிட்டது என்றார். அதனால் மேகம் குறைந்து, சதுர மீட்டர் ஒன்றுக்கு 1.1 வாட் வீதம் கூடுதல் வெப்பம் பூமியில் தங்கியது; கரியமிலவாயுவினால் தங்கிய வெப்பத்தில் இது ஏறக்குறைய நூற்றுக்கு 60 பங்கு. உலகம் 0.75 டிகிரி சூடேறியிருக்கிறது என்றால், கரியமிலவாயுவின் பங்கு 0.42 டிகிரிதான். சர்வதேசக் குழுவான ஐ.பி.சி.சி. தன் கணிப்பை மறுபடி பார்க்க வேண்டும் என்பது அவர் முடிவு. ‘கரண்ட் சயன்ஸ்’ என்னும் பெங்களூர் விஞ்ஞானப் பத்திரிகையில் சில பக்கங்களே கொண்ட கட்டுரையாக இது வெளிவந்தது.

மத்திய சர்க்கார் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாக ஊழியம் செய்பவன் நான். கலை பயின்றவன்; பௌதிகம் பயிலவில்லை. எனவே சொற்களைப் பற்றி மட்டும் சிறிது உரிமையோடு பேசுவேன். ராவ் கூறியது ‘கரியமிலவாயுவும் காரணம், விண்கதிரும் காரணம்’ என்பது. கரியமிலவாயு உலகைச் சூடாக்கவில்லை என்று அவர் ஓரிடத்திலும் கூறவில்லை. அவர் கணக்கிலும் பெரும்பங்கு அதற்கே. ஆனால் கட்டுரை ஆய்வறையை விட்டுத் தெருவுக்கு வந்தபோது ‘கூட’ என்பது ‘அன்று’ என மாறிவிட்டது. உலகம் சூடேறுவது மனிதன் செயலால் அன்று என இந்திய விஞ்ஞானி நிரூபித்துவிட்டார் என்று சிலர் பேசத் தொடங்கினர். ஓர் இடைச்சொல்லின் பிழை எத்தனை கோடி டன் கரிக்கு வக்காலத்து வாங்கிவிடுகிறது பாருங்கள்! ஐயுறுகிறவனையும் மறுக்கிறவனையும் வேறுபடுத்தத் தமிழில் நல்ல சொற்கள் உண்டு. பத்திரிகைகளோ இருவரையும் ‘எதிர்ப்பாளர்’ என்ற ஒரே கோணிப்பையில் போட்டுக் கட்டிவிடுகின்றன.

அந்தக் கட்டுரையை வெளியிட்டவர் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ். மெக்சிகோ நாட்டின் கான்கூன் நகரில் உலக நாடுகளின் பேச்சுவார்த்தை முடிந்து ஒரு மாதமே ஆகியிருந்தது. புகை மிகுதியாய் விட்டவன் யார், குறைக்க வேண்டியவன் யார் என்று நாடுகள் வழக்காடிக்கொண்டிருந்த காலம். இத்துறையில் எல்லாரும் ஒரே குரலில் பேசும் வழக்கம் மிகுந்துவிட்டது, மாற்றுக் கருத்துக்கு இடம் வேண்டும் என்பது அமைச்சரின் எண்ணம். அதில் தவறு காண்பதற்கில்லை. எனினும், கரியமிலவாயுவின் பங்கைக் குறைத்துக் காட்டும் கட்டுரை, அவ்வாயுவைக் குறைக்கும்படி நெருக்கப்படும் ஓர் அரசின் கையிலிருந்து வெளிவரும்போது, கேட்பவர் மனத்தில் ஐயம் எழுவதும் இயல்பு. விஞ்ஞானியின் நேர்மைக்கு அதனால் பங்கமில்லை. ஆயினும் கட்டுரையின் எடையை நிறுப்பது கடினமாகிவிட்டது.

மாற்றுக் கருத்துக் கூறியவர் எல்லாரும் தோற்றவர் என்றும் சொல்வதற்கில்லை. 2009-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் உயர்பதவி வகித்து ஓய்வுபெற்ற வி. கே. ரெய்னா, இமயப் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துவிடும் என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை என்று தெரிவித்தார். அப்போது அவரை ஏளனம் செய்தார்கள். 2010 ஜனவரியில் ஐ.பி.சி.சி. தன் அறிக்கையில் இருந்த அந்த 2035 என்னும் ஆண்டுக்குத் தக்க சான்று இல்லை என ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. பனியாறுகள் தேய்ந்து வருவது மெய். 2035 என்பது பொய். ராவ் கட்டுரை வெளிவந்தபோது அந்த நினைவு நாட்டில் பசுமையாக இருந்தது. மற்றுமொரு முறை வெள்ளைக்காரக் கணக்கை நம்மவர் திருத்திவிட்டார் என்று பலர் பெருமிதம் கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம் ஆகலாம்.

பெருமிதம் ஒருபுறம் இருக்க, கணக்கு சரியா என்பதே கேள்வி. ராவ் அவர்கள் செய்த பெரிய உபகாரம், பொதுப்படையாகப் பேசி நழுவாமல் எண்களைத் துணிந்து எழுதிவைத்தது. எண் இருந்தால் சோதிக்கலாம்.

சோதித்தவர்களில் முதன்மையானவர் வேறு யாருமல்லர். கோலார்ச் சுரங்கத்து ஆராய்ச்சியில் பங்குகொண்ட அதே உல்ஃபெண்டேல்தான். பின்னாளில் இங்கிலாந்தின் அரச வானியலார் என்னும் பதவியை வகித்து, வயது எண்பதைத் தாண்டிய நிலையில், டெரி ஸ்லோன் என்பவருடன் சேர்ந்து இந்த விண்கதிர்-மேகக் கருத்தை அவர் ஆராய்ந்தார். விண்கதிரிலேயே வாழ்நாளைக் கழித்தவர். அதற்குப் பெருமை சேர்க்கும் ஒரு கருத்து மெய்யாயிருந்தால் மகிழ்ந்திருக்க வேண்டியவர். அவருடைய முறை எளிது. பூமியின் காந்தப்புலம் நடுக்கோட்டுப் பகுதியில் விண்கதிரை மிகுதியாகத் தடுக்கிறது. துருவங்களின் பக்கம் அவ்வளவு தடுப்பதில்லை. ஆகவே சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சியில் கதிரின் ஏற்றத்தாழ்வு துருவப் பக்கம் மிகுதி, நம் பக்கம் குறைவு. மேகம் கதிரைப் பின்பற்றுவதானால் மேகத்தின் ஏற்றத்தாழ்வும் அவ்வாறே இருக்க வேண்டுமன்றோ? 2008-இல் அவர்கள் பார்த்தபோது அப்படி ஒன்றும் தென்படவில்லை. 1986-இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது காற்று பெரிதும் மின்னேறியது. அதனால் மேகம் பெருகியதா என்றும் பார்த்தார்கள். அதிலும் ஆதரவு கிட்டவில்லை. ராவ் கட்டுரைக்குப் பின்னர், 2013-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு இது: இருபதாம் நூற்றாண்டில் உலகம் சூடேறியதில் விண்கதிரும் சூரியனும் ஆற்றிய பங்கு நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு.

மற்றொரு சோதனை ஜெனீவாவுக்கு அருகில் நடந்தது. செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில் ஜாஸ்பர் கர்க்பி என்பவரின் தலைமையில் பெரியதோர் எஃகுக் கலத்தைத் தூய காற்றால் நிரப்பி, விண்கதிரைப் போன்ற துகட்கற்றையை அதனுள் செலுத்தி, நுண்பொடிகள் பிறப்பதை எண்ணினார்கள். 2011-இல் வந்த முதல் முடிவு ராவ் அவர்களுக்கு உற்சாகம் தருவதாகவே இருந்திருக்கும்: கதிர் பாய்ந்தால் நுண்பொடிகள் மிகுதியாய்ப் பிறப்பது உண்மை. ஆனால் பிறந்த பொடி மேகத் திவலைக்கு இடந்தர வேண்டுமானால் பன்மடங்கு பருக்க வேண்டும். பெரும்பாலானவை அதற்குள் வேறு பொடிகளோடு ஒட்டி மறைந்துவிடுகின்றன. குழந்தைகள் பல பிறந்தும் பெரியவராய் வளர்ந்தோர் சிலரே என்பதைப் போன்ற நிலை. இன்றைய வாயுமண்டலத்தில் விண்கதிரின் ஏற்றத்தாழ்வு பருவநிலையைக் குறிப்பிடத்தக்க அளவுக்கு மாற்றாது என்று அக்குழுவே 2016-இல் முடிவு கூறியது.

ஆய்வுக்கூடத்துக்குப் போகாமலே பார்க்கக்கூடிய சான்றும் உண்டு. பனியில் பதிந்த கதிர்க்குறைவு பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியோடு முடிந்துவிட்டது. 1950-களிலிருந்து கருவிகள் நேரடியாகவே விண்கதிரை எண்ணி வருகின்றன. அது சூரியனோடு ஏறி இறங்குகிறதேயன்றி நெடுங்காலப் போக்காகக் குறையவில்லை. உலகம் விரைந்து சூடேறியதோ 1970-களுக்குப் பிறகு. 2009-இல் சூரியன் அடங்கிக் கிடந்தது. விண்வெளி யுகம் தொடங்கியபின் அதுவரை காணாத அளவுக்கு விண்கதிர் பொழிந்தது. ராவ் கணக்கின்படி பூமி சற்றே குளிர்ந்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டாகிய 2010, அதுவரை பதிவான மிக வெப்பமான ஆண்டுகளுள் ஒன்றாயிற்று. அதற்கும் மேலாக, நமக்கு அண்மையிலுள்ள காற்று சூடேறுகையில் மிக உயரத்திலுள்ள காற்றடுக்கு குளிர்ந்து வருகிறது. மேகம் குறைந்து வெயில் கூடியதால் வந்த சூடு என்றால் மேலடுக்கு குளிரக் காரணமில்லை. கரியமிலவாயு போர்வையாய் மூடியிருந்தால் போர்வைக்கு உள்ளே சூடும் மேலடுக்கில் குளிர்ச்சியும் தோன்றும்.

மேகத்துக்கு முக்கியத்துவம் தந்ததில் ராவ் தவறிவிட்டார் என்று மட்டும் எவரும் எண்ணலாகாது. மேகங்கள் மொத்தத்தில் பூமியைக் குளிர்விக்கின்றன என்பதைச் செயற்கைக்கோள் அளவுகளால் 1989-இல் நிறுவிய குழுவின் தலைவர் ஒரு தமிழர்: வீரபத்திரன் ராமநாதன். சென்னையில் வளர்ந்து, சிறு பிராயத்தில் பெங்களூர் சென்று, பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்றவர். குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட வாயு, கரியமிலவாயுவினும் பல்லாயிரம் மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்று 1975-இல் உலகுக்கு முதன்முதல் கூறியவரும் அவரே. சூடேறும் உலகில் மேகம் எவ்வாறு மாறும் என்பது இன்றும் இத்துறையில் மிகக் கடினமான கேள்வியாகவே இருக்கிறது. அக்கேள்வியை எழுப்பியவரை நாம் நன்றியோடு நினைக்கலாம். அவர் தந்த விடையை ஏற்பதற்கில்லை. கர்நாடகத்தில் சில நண்பர்கள் ராவ் அவர்களின் பெயருக்காகவே அந்த விடையைக் கட்டிக்காக்க முற்படுகிறார்கள். ஆரியபட்டாவை விண்ணில் செலுத்திய மனிதருக்கு அப்படிப்பட்ட காவல் தேவையில்லை என்பது என் கருத்து.

டில்லியிலோ நாகபுரியிலோ கோடையைக் கழிக்கும் நேயர்களுக்கு இதனால் யாது பயன் என்று தோன்றலாம். சூட்டில் பாதிக்கு வானமே பொறுப்பு என்றால், மனிதன் செய்ய வேண்டியதும் பாதியாகக் குறையும். அரசாங்கங்கள் சற்று மூச்சுவிடலாம். பொறுப்பு ஏறக்குறைய முழுவதும் நம்முடையதே என்றால் தாமதத்துக்கு இடமில்லை. 1958-இல் ஹவாய்த் தீவில் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் ஏறக்குறைய 315 பங்காக இருந்த கரியமிலவாயு 2024-இல் 420-ஐத் தாண்டியது. அவ்வாண்டு, பதிவான ஆண்டுகளிலெல்லாம் மிக வெப்பமானதாய், தொழிற்புரட்சிக்கு முந்திய நிலையைவிட ஏறக்குறைய ஒன்றரை டிகிரி உயர்ந்து நின்றது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் அது தாங்கும் நீராவி நூற்றுக்கு ஏழு பங்கு கூடுகிறது. பெய்தால் கொட்டித் தீர்க்கவும், பெய்யாதபோது ஏரியை விரைவில் உறிஞ்சவும் அது வழி. பூதிகோட்டைப் பக்கத்து உழவனுக்கு 0.42-க்கும் 0.75-க்கும் உள்ள வேற்றுமை இதில்தான் வந்து விடிகிறது.

ராவ் 2017 ஜூலை 24-ஆம் நாள் பெங்களூரில் காலமானார். அவ்வாண்டில்தான் பத்மவிபூஷண் விருதும் பெற்றிருந்தார். பெங்களூர்ச் செயற்கைக்கோள் நிலையத்துக்கு 2018-இல் அவர் பெயர் சூட்டப்பட்டது; 2023 செப்டம்பரில் சூரியனை ஆராயப் புறப்பட்ட ஆதித்யா விண்கலம் அங்கிருந்து உருவானதே. உல்ஃபெண்டேல் 2020 டிசம்பரில் மறைந்தார்.

கோலார்ச் சுரங்கத்தின் ஆராய்ச்சிக் கூடங்களை மூடியபோது, அங்கிருந்த ஆயிரக்கணக்கான இரும்புக் குழாய்க் கருவிகளை வெளியே எடுத்து உதகமண்டலத்துக்குக் கொண்டு சென்றார்கள். விண்கதிர்த் துகள்களை எண்ணும் குழாய்கள் அவை. நீலகிரியில் இன்றும் அவை வேலை செய்கின்றன. 2014 டிசம்பர் முதல் நாள் உதகைக்கு மேலே இடிமேகம் ஒன்று கடந்தது. அந்நேரத்தில் கீழே வந்து சேர்ந்த துகள்களின் எண்ணிக்கை குறைந்ததைக் குழாய்கள் பதிவு செய்தன. எவ்வளவு குறைந்தது என்பதைக் கொண்டு, அம்மேகத்தினுள் இருந்த மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டு 2019-இல் வெளியிட்டார்கள். மேகம் ஒன்றினுள் அவ்வளவு மின்னழுத்தத்தை அதற்குமுன் எவரும் அளந்ததில்லை.